பக்கத்து வீட்டைக் கேளுங்கள்

லாபாசான் நகர மன்றத்தில், வரிக் குமாஸ்தாவின் தலைக்கு மேலே ஆணியில் தொங்கிய குட்டைத் துப்பாக்கியைக் கையில் எடுத்து, இதைச் செய்தவர் இன்னார் என்று யாராவது ஒரு பெயரைச் சொன்னால், அந்த இன்னார் செய்யாத பாகங்கள் அத்தனையும் கழன்று தரையில் விழுந்துவிடும். அவர் செய்த பாகம் மட்டும் கையில் நிற்கும். திருகாணியைத் தளர்த்த வேண்டியதில்லை, தட்ட வேண்டியதில்லை, பெயரைச் சொன்னால் போதும். இதைக் கண்டு எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் ஆச்சரியப்பட்டதாக நினைவில்லை. வரிக் குமாஸ்தா மட்டும் சலித்துக்கொள்வார். விசையின் சின்ன ஸ்பிரிங் ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் அலமாரிக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது என்று அவருக்கு எரிச்சல். அதை எடுப்பதற்கென்றே ஒரு நீளத் துடைப்பம் வாங்கி வைத்திருந்தார்.

கார்பைன் என்று பட்டாளத்தில் சொல்கிற வகை அது. குதிரை மேலும் புதருக்குள்ளும் தூக்கிக்கொண்டு ஓடத் தோதாகக் குழலைக் குட்டையாக வைத்துச் செய்வார்கள். அதில் ஒரு எழுத்து கிடையாது, எண் கிடையாது, கழுகோ நட்சத்திரமோ ராஜா தலையோ எதுவும் கிடையாது. எங்கள் ஊரில் செய்த எந்தத் துப்பாக்கியிலும் கிடையாது. பிலிப்பைன்ஸின் செபுத் தீவுக் கிழக்குக் கரையில் துப்பாக்கி செய்கிற ஊர்கள் பல உண்டு. ஆனால் எங்கள் உப்புத் தெருவில் ஒரே வீட்டுக்குள் ஒரு முழுத் துப்பாக்கியைப் பார்த்தவன் ஒருவனும் இல்லை. முதல் வீட்டில் மரக்கட்டை, அடுத்த வீட்டில் விசை, அதற்கடுத்த வீட்டில் குறிமுள் என்று கடல் வரைக்கும் ஆளுக்கொரு பாகம். ஸ்பானியர் காலத்திலிருந்து வந்த ஏற்பாடு. காவலன் திடீரென்று உள்ளே நுழைந்தால் அவன் கண்ணில் படப்போவது ஒரு கட்டையும் ஒரு உளியும்தானே? கட்டை வைத்திருந்ததற்கு எந்த ராஜாங்கம் தூக்கில் போடும்? இந்த ஏற்பாட்டோடு சேர்ந்து ஒரு வாய்ப் பழக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது. இதை யார் செய்தது என்று கேட்டால், கேட்பது காவலனாக இருந்தாலும் கட்டின பெண்டாட்டியாக இருந்தாலும், பதில் ஒன்றுதான்: "பக்கத்து வீட்டைக் கேளுங்க." பக்கத்து வீட்டில் கேட்டால் அதற்கும் பக்கத்து வீடு. உப்புத் தெருக் குழந்தைகள் அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொண்ட பேச்சு இதுதான். வாசலில் அசிங்கம் செய்துவிட்டுப் போன நாய் யாருடையது என்று கேட்டால்கூட இதே பதில்தான் வரும்.

கடைசி வீடு குவால்பெர்தாவின் வீடு. அதற்கு அப்பால் அலைதான். அமெரிக்கன் காலத்துப் போலீஸ்காரர்கள் வெயிலில் தெரு முழுக்க நடந்து, சட்டை நனைய அவள் வாசலுக்கு வந்து கேட்டால், அவள் கடலைக் காட்டுவாள். "அந்தாண்ட வீட்டுக்காரரைக் கேளுங்க ஐயா. பெரிய வீடு, கதவுகூடக் கிடையாது, நேரா உள்ள போயிடலாம்" என்பாள். அவர்களும் சிரித்துவிட்டு, அவள் கொடுக்கிற தென்னங்கள்ளை ஒரு குவளை குடித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். குழல் செய்தவள் அவள். புருஷன் காய்ச்சலில் போன பிறகு அவன் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கி அவனையே மிஞ்சிவிட்டாள். ஓடாமல் போன நிலக்கரி ரயிலின் அச்சுத் தண்டை விலைக்கு வாங்கி, தையல் மெஷின் மிதியை மிதித்து மிதித்துத் துளை போட்டு, துளைக்குள்ளே சுற்றிச் சுற்றிப் போகிற புரியை வெட்டுவாள். குண்டு சுழன்று நேராகப் போவது அந்தப் புரியால்தான். கட்டை கோணினால் சமாளிக்கலாம், குறிமுள் சாய்ந்தால் தட்டி நிமிர்த்தலாம், குழல் பிசகினால் சுடுகிறவன் மூஞ்சி போச்சு. குவால்பெர்தா செய்த குழலால் மூஞ்சி போனவன் ஒருவனும் இல்லை.

ஜப்பான்காரர்கள் வந்தார்கள். மலையில் பதுங்கியிருந்த கெரில்லாக்களுக்கு உப்புத் தெரு துப்பாக்கி செய்து அனுப்பியது. நான் சொல்கிற கார்பைன் அப்படிப் போனதுதான். அது போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள், வண்டியில் போன சோள மூட்டைக்குள் இன்னொரு குழல் பிடிபட்டது. சிப்பாய்கள் அந்தக் குழலைக் கையில் வைத்துக்கொண்டு உப்புத் தெருவுக்குள் நுழைந்து முதல் வீட்டில் கேட்டார்கள். கட்டை செய்கிற கந்தெலாரியோ, பக்கத்து வீட்டைக் கேளுங்க என்றான். அங்கே கேட்டார்கள், அவனும் அதையே சொன்னான். இப்படியே தெரு முழுக்க. கடைசிக்கு முந்தின வீட்டில், குழலின் பின்வாயை அடைக்கிற போல்ட்டைச் செய்கிற எர்மோ சோற்றில் கை வைத்திருந்தான். கேட்பது யார் என்றுகூடத் தலையைத் தூக்கிப் பார்க்காமல் எச்சில் கையை அடுத்த வீட்டுப் பக்கம் நீட்டினான். அங்கே குவால்பெர்தா வழக்கம்போல் கடலைக் காட்டினாள். சிப்பாய்களைக் கூட்டி வந்த அதிகாரி கரையில் போய் நின்று கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு திரும்பி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அவள் வரவேயில்லை.

இதுவரைக்கும் நடந்ததைப் போர்க்காலத்துக் கஷ்டம் என்று சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். இதற்கு மேல் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. எந்த வீட்டில் என்ன செய்கிறார்கள், எந்த மூட்டையில் எதை வைத்து எந்த வண்டியில் ஏற்றுகிறார்கள் என்று குவால்பெர்தாவுக்கு அத்தனையும் தெரியும். அவளைக் கொண்டுபோன பிறகு உப்புத் தெருவில் ஒரு கதவும் தட்டப்படவில்லை, ஒரு ஆளும் பிடிபடவில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று பால்குடி மறக்காத பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? அவளாகத்தான் போனாள் என்றார்கள். அதிகாரியின் வீட்டில் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்றார்கள். யாரையும் பிடிக்கவில்லையே ஐயா, அவள் காட்டிக்கொடுத்திருந்தால் நீங்கள் இருப்பீர்களா என்று கேட்டால், அவள் அவங்க ஆளாயிட்டா, அந்தச் சலுகையில்தான் நம்மை விட்டுட்டாங்க என்றார்கள். தங்கள் உயிரைக் காப்பாற்றியவளுக்கு இப்படி ஒரு மாலை! ஒவ்வொருவனும் விரலை நீட்டியவன். நீட்டிய விரலைப் பார்த்துக்கொண்டு தூங்க முடியாதில்லையா, அதற்காக ஒரு பட்டுச் சட்டையைத் தைத்து, செத்துப்போனவளுக்குப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். குவால்பெர்தாவுக்கு நியெவெஸ் என்று ஒரே மகள், அப்போது சின்னப் பெண். காட்டிக்கொடுத்தவள் மகள் என்று தெருப்பிள்ளைகள் மண்ணை வாரி எறிந்ததில், மலைப்பக்கத்துச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

போர் முடிந்ததும் கெரில்லாத் தலைவர் கார்பைனைக் கொண்டுவந்து, இது உங்கள் ஊர்ச் சொத்து என்று நகர மன்றத்தில் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வருஷத்துச் சாந்தோ நின்யோ என்கிற குழந்தை ஏசு திருவிழாவில்தான் சங்கதி வெளியே வந்தது. கந்தெலாரியோ போதையில் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டி, "இதைச் செஞ்சது யாருன்னு நினைச்சீங்க, இந்தக் கந்தெலாரியோதான்!" என்று கத்தினான். இரும்பு முழுக்கத் தரையில் விழுந்தது. அவன் கையில் வெறும் மரக்கட்டை. கூட்டம் சிரித்த சிரிப்பில் பூசைக்கு மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு திருவிழாவிலும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. விசைக்காரன் பெயரைச் சொன்னால் விசை நிற்கும், எர்மோ பெயரைச் சொன்னால் போல்ட் நிற்கும். எங்கள் ஊரில் கண்ணைக் கட்டிவிட்டாலும் அதைத் திரும்ப மாட்டத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் யார் பெயரைச் சொன்னாலும் குழல் மட்டும் நிற்காது. முதலில் விழுவதும் அதுதான், பலமாகச் சத்தம் போடுவதும் அதுதான். அது யார் பெயருக்கு நிற்கும் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவன் வாயைத் திறக்கவில்லை. குனிந்து எடுத்து மாட்டிவிட்டு அடுத்த குவளையை ஊற்றிக்கொண்டார்கள்.

நியெவெஸ் வளர்ந்து திரும்பி வந்து, கரையான் தின்ற கடைசி வீட்டைத் தனி ஆளாக நிமிர்த்தி, சந்தை முனையில் பூசோக் கடை போட்டாள். தென்னங்குருத்தைப் பின்னிய கூட்டுக்குள் அரிசியைப் போட்டு வேகவைக்கிற பூசோவும், பொரித்த கருவாடும். நல்ல கை. அவளைப் பற்றிப் பேசுகிறவர்களும் அவள் கடையில்தான் தின்றார்கள். தின்றுகொண்டே பேசினார்கள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தன் அம்மாவைக் காட்டிக்கொடுத்தவள் என்று இந்த ஊர் சொன்னதை, இந்த ஊரே தன் வாயால் இல்லை என்று சொல்ல வேண்டும். சாமியாரிடம் கேட்டாள், ஜெபம் செய் மகளே என்றார். நகர மன்றத்தில் கேட்டாள், துப்பாக்கியைத் தொடக்கூட அவளை உள்ளே விடவில்லை.

மணிலாவிலிருந்து வில்யகோர்தா என்று ஒருவர் வந்தது எழுபதாம் வருஷம். பழைய பட்டாளத் துப்பாக்கிகளைப் பார்த்து, செய்தவன் பெயரையும் விலையையும் சொல்வது அவர் தொழில். மியூசியத்துக்கும் பணக்காரர்களுக்கும் அவர் சொன்னால் சொன்னதுதான். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, கார்பைனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அமெரிக்கச் சரக்கு. முத்திரையை யாரோ அரம் போட்டு எடுத்திருக்காங்க" என்றார். கட்டை முதல் ஸ்பிரிங் வரை எல்லாம் அவர் காலில் விழுந்தது. "திருகாணியெல்லாம் லூசாக் கிடக்கு" என்று முனகினார். வரி கட்ட வந்த ஒருவர் வரிசையில் நின்றபடியே மாட்டிக் கொடுத்தார். ஜப்பான் என்றார், விழுந்தது. பெல்ஜியம் என்றார், விழுந்தது. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குமாஸ்தா துடைப்பத்தை அலமாரிக்கு அடியில் விட்டுக்கொண்டே, "ஐயா, நீங்க தப்புத் தப்பாச் சொன்னா அது விழத்தான் செய்யும். அதைக் கோவிச்சு என்ன பண்றது?" என்றார்.

வில்யகோர்தா முட்டாள் இல்லை. விஷயம் புரிந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்நாள் முழுக்கச் செய்தவன் யார் என்று மற்ற நிபுணர்களோடு மல்லுக்கட்டியவர், தானே வாய்விட்டுப் பதில் சொல்கிற துப்பாக்கியை அன்றைக்குத்தான் பார்க்கிறார். உப்புத் தெருவையே கூப்பிட்டு அனுப்பினார். ஆளாளுக்கு வந்து தன் பெயரையோ அப்பன் பெயரையோ சொல்ல, பாகம் பாகமாகக் கையில் நின்றது. மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்தது, குழலைத் தவிர. அவர் குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணால் உள்ளே பார்த்துவிட்டு, "சேசுவே!" என்றார். "மத்ததெல்லாம் சட்டை துணிமணிய்யா, ஆளு இதுதான். கையால வெட்டின புரி இவ்வளவு சீரா நான் எங்கயும் பார்த்ததில்ல. இதைச் செஞ்சது யாரு? பேரைச் சொல்லுங்க. பேரோட போனா மணிலாவுல கண்ணாடிக்குள்ள நிக்கும், நாற்பதாயிரம் பெசோவுக்கு நான் பொறுப்பு. பேரில்லன்னா பழைய இரும்புதான்."

அத்தனை பேரும் கூரையைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து யாரோ பழக்க தோஷத்தில், "பக்கத்து வீட்டைக் கேளுங்க" என்றான். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. மேயர் ப்ருதென்சியோவுக்கு நாற்பதாயிரம் என்பது மட்டும் காதில் விழுந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்து, துப்பாக்கியை இரண்டு கையாலும் வாங்கி, "சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். இது எங்கப்பா செஞ்சது, முழுசும்" என்றார். அவர் அப்பா சந்தையில் மாட்டுக்குச் சுங்கம் வாங்கியவர். துப்பாக்கியில் எந்தப் பக்கம் குண்டு வெளியே வரும் என்று தெரியாமலேயே செத்துப்போனவர். மேயர் கையில் எதுவும் மிஞ்சவில்லை. சுவரில் இருந்த ஆணியும் கழன்று விழுந்தது. வெட்கமாவது பட்டாரா? "ஜன்னல் காத்து" என்றார்.

அந்த நேரம் பார்த்து நியெவெஸ் மதியச் சாப்பாட்டுக் கூடையோடு உள்ளே வந்தாள். வில்யகோர்தா பேசியதைப் படியிலேயே நின்று கேட்டிருக்கிறாள். கூடையை இறக்கி, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "கந்தெலாரியோ மாமா, அதை மாட்டிக் குடுங்க" என்றாள்.

"ஏய், சோத்தை வெச்சுட்டுக் கிளம்பு" என்றார் மேயர்.

"சோறு வெச்சாச்சு மேயரய்யா. நீங்க உக்காந்து சாப்பிடுங்க, நான் பேசுறேன்."

வில்யகோர்தா மாட்டச் சொன்னார். முதன்முறையாகக் கந்தெலாரியோ ஒரு திருகாணியைத் தவறான துளையில் வைத்தான். நியெவெஸ் துப்பாக்கியை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "என் அம்மா குவால்பெர்தா செஞ்சது" என்றாள். கட்டை விழுந்தது, போல்ட் விழுந்தது, விசை, குறிமுள், ஸ்பிரிங் எல்லாம் விழுந்து உருண்டன. குழல் அவள் கையில் நின்றது.

வில்யகோர்தா பேனாவை எடுத்தார். "முழுப் பேர் சொல்லும்மா."

"எழுதாதீங்க!" என்று மேயர் பாய்ந்தார். "அவ ஜப்பான்காரனோட போனவ. அந்தப் பேரோட இது வெளியே போனா ஊர் மானம் என்னாகிறது?"

"போனா என்னய்யா, போகலன்னா என்னய்யா? குழல் செஞ்சது அந்தம்மாதானே?" என்றார் வில்யகோர்தா.

"ஐயா, நீங்களும் எழுத வேண்டாம்" என்றாள் நியெவெஸ். "நான் சொல்லி எழுதுறதுல என்ன இருக்கு? நான் ஒருத்திதான் இத்தனை வருஷமாத் தொண்டை கிழியச் சொல்லிட்டிருக்கேனே. இவங்க சொல்லட்டும். குழல் செஞ்சது குவால்பெர்தா, அவளைக் கை காட்டினது நாங்க. ரெண்டே பேச்சு. ஒவ்வொரு வீடும் வந்து சொல்லட்டும், குழலைத் தரேன், எந்த மியூசியத்துக்கு வேணா எடுத்துட்டுப் போங்க." அவள் எர்மோவின் பக்கம் திரும்பினாள். "என்ன எர்மோ மாமா, வாயில என்ன கொழுக்கட்டையா? கடைசியாக் கை நீட்டினது நீங்கதானே, நீங்களே ஆரம்பிங்க."

எர்மோ தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனான். அவன் பின்னால் ஒவ்வொருவராக எல்லோரும் போனார்கள். சாப்பாட்டைத் தொட்டவர் மேயர் ஒருவர்தான். வில்யகோர்தா மாலைப் படகுக்குப் பூதக்கண்ணாடியை மடித்துக்கொண்டு கிளம்பும்போது, "ரெண்டு வார்த்தைய்யா, ரெண்டு வார்த்தை" என்று குமாஸ்தாவிடம் தலையில் அடித்துக்கொண்டார். ரசீதில் "செய்தவர் தெரியவில்லை, விலை இல்லை" என்று எழுத அவருக்கு மனம் வராமல், ஒன்றும் எழுதாமலே போனார்.

அரசாங்கச் சொத்து என்று மறுநாள் போலீஸ்காரரை அனுப்பி நியெவெஸ் வீட்டுக்கு எடுத்துப் போன குழலைப் பிடுங்கிவந்து மாட்டினார்கள். இரவு தாண்டவில்லை, குழல் கழன்று, மன்றத்துப் படிகளில் ஒவ்வொன்றாகக் குதித்து, உப்புத் தெருச் சரிவில் உருண்டு, கடைசி வீட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டது. திரும்பத் திரும்பப் பிடுங்கினார்கள், திரும்பத் திரும்பப் போனது. சந்தைக்கு வருகிறவர்கள் அது உருண்டு வந்தால் காலைத் தூக்கி வழி விட்டார்கள். செபு நகரத்திலிருந்து வேறு குழல் வாங்கி மாட்டிப் பார்த்தார் மேயர். அதைக் கட்டை ஏற்கவில்லை, வாந்தி எடுப்பதுபோல் வெளியே தள்ளியது. கடைசியில், மிச்சமிருந்த பாகங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி, பித்தளைத் தகட்டில் "லாபாசான் வீரர்களின் கைவேலை" என்று வெட்டி வைத்தார்கள். குழல் இல்லாத துப்பாக்கிக்குப் பித்தளைத் தகடு! அதன் எதிரில் பள்ளிப் பிள்ளைகளை நிறுத்திச் சல்யூட் அடிக்க வைத்தார்கள்.

நியெவெஸ் என்ன செய்தாள் தெரியுமா? அந்தக் குழலால் அடுப்பு ஊதினாள். சந்தை நடுவில், ஊர் பார்க்க, குந்தி உட்கார்ந்து, நாற்பதாயிரம் பெசோக் குழலை வாயில் வைத்து ஊதினாள். புரி வெட்டின குழல் என்பதால் காற்று சுழன்று போய், ஈர விறகும் சடசடவென்று பிடித்துக்கொள்ளும். பூசோ வாங்க நிற்பவர்கள் அதைப் பார்க்காமல் இருக்க வழியில்லை. ராணுவச் சட்டம் வந்து எல்லாத் துப்பாக்கிகளையும் ஒப்படைக்கச் சொன்னபோது அவளிடமும் வந்தார்கள். ஊதாங்குழலுக்கு உத்தரவில் இடமில்லை என்று திரும்பிப் போனார்கள். துப்பாக்கி சேகரிப்பவர்கள் கப்பலில் வந்து இறங்கி, அவள் அடுப்பு ஊதுகிற அழகைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். விலை கேட்டவர்களிடம், "விலை மேலே உப்புத் தெருவுல இருக்கு, வீடு வீடாப் போய் வாங்கிட்டு வாங்க" என்றாள். எதிர்க்கடைச் சோறு கல் என்று தெரிந்தும் எர்மோ எதிர்க்கடையில்தான் வாங்கினான். மேயர் மாறினார், அடுத்தவர் வந்தார், ராணுவச் சட்டம் போனது, அதைக் கொண்டுவந்தவரும் போனார். பட்டுச் சட்டைக் கதை மட்டும் நைந்துபோகாமல் அப்படியே இருந்தது.

எர்மோவுக்கு எழுபத்தைந்து வயதிருக்கும்போது, ஒருநாள் மதியம் பேத்தியோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தின்னத் தெரியாமல் குழந்தை சோற்றைப் பாய் முழுக்கக் கொட்டியிருந்தது. இது யாரு கொட்டினது என்று மருமகள் அதட்ட, குழந்தை தலையைத் தூக்காமல், எச்சில் கையை அடுத்த வீட்டுப் பக்கம் நீட்டி, "பக்கத்து வீடு" என்றது. மருமகள் சிரித்தாள். எர்மோ எழுந்து, கையைக்கூடக் கழுவாமல், வெயிலில் தெருவில் இறங்கி நடந்தான்.

சந்தை நிறைந்திருந்த நேரம். அவன் நியெவெஸின் அடுப்புக்கு எதிரில் போய் நின்றான். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "உங்க கடை அந்தப் பக்கம்" என்றாள்.

"நியெவெஸ், குழல் செஞ்சது உங்கம்மா" என்றான் எர்மோ. குரல் பெரிதாகத்தான் வந்தது, காது மந்தமானவர்களுக்கு வருவதுபோல. "கை காட்டினது நான். அன்னைக்குச் சாப்பிட்டுட்டிருந்தேன், யாருன்னுகூடப் பார்க்கல, கை தானா நீண்டுடுச்சு. அவ யார் பேரையும் சொல்லல. சொல்லியிருந்தா நான் ஏது, இவனுங்க ஏது, இந்தச் சந்தை ஏது? அந்தப் பட்டுச் சட்டை... அதை முதல்ல சொன்னதும் நான்தான். நான் எந்தச் சட்டையையும் பார்க்கல."

நியெவெஸ் எழுந்தாள். கையில் இருந்த கரண்டியை அவன் மேல் விட்டெறிந்தாள். அது அவன் தோளில் பட்டுத் தெறித்தது. "இதைச் சொல்றதுக்கு உனக்கு இத்தனை வருஷமாடா? எங்கம்மாவுக்கு ஒரு குழி இல்லடா, ஒரு மெழுகுவத்தி வைக்க இடமில்லடா! மண்ணை வாரி எறிஞ்சீங்களேடா என் மேல!" என்று கத்தினாள். தகப்பன் வயதுக்காரனை டா போட்டதற்கு அன்றைக்கு ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுது ஓய்கிற வரைக்கும் எர்மோ நின்ற இடத்திலேயே நின்றான். பிறகு அவள் மூக்கைச் சிந்திவிட்டு, அவன் கையைப் பார்த்தாள். சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. "பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சு வந்தியா? உக்காரு. மன்னிச்சிட்டேன்னு மட்டும் நினைச்சிடாத" என்று இரண்டு பூசோவைப் பிரித்து வைத்தாள்.

அவன் தின்றுகொண்டிருக்கும்போதே, நகர மன்றத்துக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து போல்ட் கிளம்பி, சரிவில் உருண்டு, சந்தைக்குள் கால்களுக்கு நடுவே வந்து, குழலில் போய் மாட்டிக்கொண்டது. மறுவாரம் விசைக்காரனின் மகன் வந்து சொன்னான், விசை வந்தது. அப்புறம் குறிமுள்காரன் வீட்டுக் கிழவி. இவர்களுக்கெல்லாம் நல்ல புத்தி வந்துவிட்டது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எர்மோ போட்டு உடைத்துவிட்டான், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்றுதான் வந்தார்கள். ஒருவன் சொல்லிவிட்டு, கூடவே ஓசியில் கருவாடு கேட்டான். ஆனால் சொன்னார்கள், சந்தைக்கே கேட்கும்படி சொன்னார்கள், பாகங்களும் கணக்குப் பார்க்காமல் வந்து சேர்ந்தன. கடைசியாகக் கந்தெலாரியோ படுக்கையில் கிடந்தபடியே சொல்லி அனுப்பினான். மழை பெய்துகொண்டிருந்த காலை, மரக்கட்டை தெருவோரச் சாக்கடையில் மிதந்து வந்தது. அந்த நவம்பரில், செத்தவர்களை நினைக்கிற ஆத்துமாக்கள் திருநாளுக்கு, கடைசி வீட்டு வாசலில், கடலைப் பார்க்க, மெழுகுவத்தி வைக்க இடம் போதவில்லை.

மணிலாவிலிருந்து இப்போதும் ஆள் வருகிறார்கள். செய்தவர் யார் என்று கேட்டால் சந்தையில் எல்லாப் பெயரையும் சொல்வார்கள், குவால்பெர்தாவில் தொடங்கி. விலை என்ன என்று கேட்டால் நியெவெஸுக்குக் கேட்க நேரமில்லை, உலை காய்ந்துகொண்டிருக்கும். போல்ட்டை உருவி இடுப்பில் செருகிக்கொண்டு, கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, குறி பார்க்கிறவள்போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடுப்பை ஊதுவாள். வயதாகிவிட்டது, சீக்கிரம் கை வலிக்கிறது. துப்பாக்கியை மடியில் இறக்கி வைத்துவிட்டு, "வெறும் குழலா இருந்தப்ப எவ்வளவு லேசா இருந்துச்சு. இப்ப எல்லாரும் வந்து ஒட்டிக்கிட்டாங்க, என்னால தூக்க முடியுதா பாருங்க" என்று வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து எரிந்து விழுவாள். அவரவர் பூசோவை வாங்கிக்கொண்டு போவார்கள்.